சிறைப்பணி: விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது யார்?

கோல் மார்க்கெட்டைத் தெரியாத தில்லித் தமிழர் இருக்க மாட்டார். 1921ஆம் ஆண்டில் பன்னிரண்டு பக்கங்களோடு கட்டப்பட்ட அந்த வட்டக் கட்டடத்தைச் சுற்றியிருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களில் நம்மவர்கள் பலர் குடியிருந்து, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கினார்கள். அங்கிருந்து சற்றுத் தூரம் நடந்தால் கோல் டாக் கானா. அதன் அருகே அசோகா பிளேஸில் திரு இருதயப் பேராலயம். அதை ஒட்டினாற்போல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் அலுவலகம். பஸ்ஸில் போகும்போது வாசகர்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள்.

ஆகஸ்டு மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை இந்தியக் கத்தோலிக்கர்கள் 'சிறைப்பணி ஞாயிறு' என்று அனுசரிக்கிறார்கள். அன்று சிறையில் இருப்பவர்களுக்காகப் பிரார்த்தனை செய்து, காணிக்கையும் எடுக்கிறார்கள். ஒரு நாள் காணிக்கையைக் கொண்டு வருடம் முழுவதும் ஒரு பணியை நடத்த முடியுமா? முடியாது என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். பின் எப்படி நடக்கிறது? அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. சிவில் டிப்ளமோ படித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். கிறிஸ்தவன் அல்லன், மலை மந்திருக்குப் போகிறவன். கோல் மார்க்கெட் பக்கம் எனக்கு ஒரு நண்பர் உண்டு. திருநெல்வேலிச் சீமைக்காரர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவருடைய சபையைச் சேர்ந்த ஏழெட்டுப் பேரும் அனுமதி பெற்றுச் சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்து வருகிறார்கள். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார்:

"சார், உள்ளே போறதுக்குப் பத்துப் பேர் வருவாங்க. மாசாமாசம் கணக்கு நோட்டைத் திறந்து வச்சு உட்காரத்தான் ஆள் கிடையாது. நீங்க கொஞ்சம் பார்த்துக் குடுங்களேன்."

அப்படித்தான் அந்த நோட்டு என் கைக்கு வந்தது. நான் சிறைக்குள் போனதில்லை. ஆனால் சிறைப்பணி எதில் நிற்கிறது, எதில் தடுமாறுகிறது என்பதை வரவு செலவுப் பக்கங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தன.

மணிமேகலையிடம் அமுதசுரபி இருந்தது

சிறைப்பட்டவரைப் பார்க்கப் போவது தம்மையே பார்க்க வந்ததற்குச் சமம் என்று இயேசு கூறியதாக மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. கிறிஸ்தவர்களின் சிறைப்பணிக்கு வேர் அதுதான். ஆனால் இந்த எண்ணம் தமிழருக்குப் புதிதல்ல. மணிமேகலைக் காப்பியத்தின் 19ஆம் காதைக்குப் பெயரே 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை'. சிறையில் பசித்திருந்தவர்களுக்கு மணிமேகலை சோறிட்டாள். அதைக் கேள்வியுற்ற சோழ மன்னன், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, சிறையையே அறச்சாலையாக்கித் தரும்படி வேண்டிப் பெற்றாள். அது பௌத்த தர்மம் போற்றும் காப்பியம். பசிக்கும் சிறைக்கும் மதம் எது?

ஒன்றைக் கவனியுங்கள். மணிமேகலையிடம் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருந்தது. அது இல்லாதவர்களுக்கு ரசீதுப் புத்தகம்தான் அமுதசுரபி.

இங்கிலாந்தில் எலிசபெத் ஃப்ரை என்ற குவேக்கர் அம்மையார் 1813இல் லண்டன் நியூகேட் சிறைக்குப் போனார். பெண்களும் குழந்தைகளும் அடைபட்டுக் கிடந்த கோலத்தைக் கண்டு கலங்கினார். ஆனால் கலங்கியதோடு நிற்கவில்லை. 1817இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் அமைத்தார். கைதிகளின் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், பெண்களுக்குத் தையல் வேலை என்று ஒழுங்கு செய்தார். 1828இல் அவருடைய கணவரின் வங்கி முறிந்தது. வசதியான குடும்பம் ஒரே நாளில் நொடித்தது. சகோதரர் ஜோசப் ஜான் கர்னிதான் தாங்கிப் பிடித்தார். அப்படியும் அந்தப் பணி நிற்கவில்லை. காரணம், அது ஒரு பணக்கார வீட்டின் கைச்செலவாக மட்டும் இல்லாமல், பலர் கூடிய சங்கமாக இருந்தது. பிற்காலத்தில் ஐந்து பவுன் நோட்டில் அந்த அம்மையாரின் படத்தை அச்சிட்டு இங்கிலாந்து கௌரவித்தது.

கோட்டயத்தில் தொடங்கியது

இந்தியாவில் இப்பணி அமைப்பாக வளர்ந்த கதையும் சுவையானது. 1981இல் கேரளத்தின் கோட்டயம் அருகே வடவாத்தூர் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த ஃபிரான்சிஸ் கொடியன், வர்கீஸ் கரிப்பேரி ஆகியோர் தொடங்கிய சிறு குழுவே பின்னர் 'பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா' ஆயிற்று. குருமட மாணவர்களிடம் காசு ஏது? பிரார்த்தனையும் கால்நடையும்தான் முதலீடு. பிற்பாடு ஆயர் பேரவையின் அங்கீகாரமும் கிடைத்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு நாடெங்கும் தொண்டர்களோடு இயங்குகிறது.

இவர்கள் தங்கள் பாதுகாவலராகக் கொண்டிருப்பவர் போலந்து நாட்டுத் துறவி மாக்ஸிமிலியன் கோல்பே. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில், பட்டினி போட்டுச் சாகடிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குடும்பஸ்தருக்குப் பதிலாகத் தாமே முன்வந்து, 1941 ஆகஸ்டு 14 அன்று உயிர் துறந்தவர். காப்பாற்றப்பட்ட மனிதர், 1982இல் கோல்பேக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்ட விழாவிலும் இருந்தார். சிறைப்பணி ஞாயிறு ஆகஸ்டில் வருவதன் பொருத்தம் இதுதான்.

பணத்தால் வாங்க முடியாத ஒன்றும் இப்பணியில் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளிடையே உழைத்த கேரளக் கன்னிகை ராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பஸ்ஸில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர் சமந்தர் சிங். சுவாமி சதானந்த் என்று அறியப்பட்ட பாதிரியார் அவரைச் சிறையில் போய்ப் பார்த்தார். 2002இல் ராணி மரியாவின் தங்கை செல்மி பால், அவரும் கன்னிகைதான், சிறைக்குப் போய் அந்தக் கையில் ராக்கி கட்டினார். 2006இல் சமந்தர் விடுதலையானார். 1995க்கும் 2002க்கும் இடையே ஏழு வருடம். மனம் கனிய அவ்வளவு காலம் ஆகிறது. அதுவரை போய் வருவதற்கு யாராவது இருக்க வேண்டும்; போய் வருகிறவருக்குப் பஸ் செலவும் இருக்க வேண்டும்.

திகாரின் கதவு திறந்தபோது

நமது திகார் சிறை 1958இல் ஏற்பட்டது. 1966இல் தில்லி நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1993இல் கிரண் பேடி சிறைத்துறைத் தலைவராக வந்த பிறகுதான் தொண்டு அமைப்புகள் தாராளமாக உள்ளே போக வழி பிறந்தது. 1994இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் அங்கே விபாசனா தியானம் பயின்றது அப்போது பெரிய செய்தி. அதே ஆண்டு தமக்குக் கிடைத்த மகசேசே விருதை ஒட்டிக் கிரண் பேடி தொடங்கிய இந்தியா விஷன் ஃபவுண்டேஷன் கைதிகளின் குழந்தைகளுடைய படிப்புக்கு உதவி வருகிறது. பல சமயத்தாரும் உள்ளே போகிறார்கள்; கிறிஸ்தவத் தொண்டர்கள் அவர்களில் ஒரு பகுதி. "மதம் மாற்றத்தானே போகிறார்கள்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அனுமதியோடு, அதிகாரிகள் பார்வையில் நடக்கும் பணி இது. என் கையிலுள்ள செலவு நோட்டில் சோப்பும் செருப்பும் மூக்குக் கண்ணாடியும் ரயில் டிக்கெட்டும்தான் அதிகம் இருக்கின்றன.

தில்லியில் திகார், ரோகிணி, மண்டோலி ஆகிய மூன்று வளாகங்களிலுமாக 16 சிறைகள். ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்கான இடம். ஆனால் அடைபட்டிருப்பவர்கள் அதைவிட மிக அதிகம். நாடு முழுவதும் பார்த்தால், 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைப்படி கைதிகள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல்! குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள்தான் நம் சிறைகளில் பெரும்பான்மை. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் 'குற்றவாளிகளுக்கு எதற்குத் தர்மம்' என்ற கேள்வி பாதி கரைந்துவிடும்.

ஒரு ஜோடி செருப்பு

நோட்டில் ஒரு பக்கம் என்னை நிறுத்தியது. 'செருப்பு, 1 ஜோடி, சட்டை, 1, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், 1 டிக்கெட், வழிச் செலவு.' நண்பரிடம் விசாரித்தேன். விழுப்புரம் பக்கத்துப் பையன். கட்டட வேலைக்கு வந்த இடத்தில் ஒரு கைகலப்பில் மாட்டிக்கொண்டான். இந்தி தெரியாது. ஜாமீன் கிடைத்துவிட்டது, ஆனால் தில்லியில் ஜாமீன்தாரராக நிற்க அவனுக்கு யாரும் இல்லை. உத்தரவு கோர்ட்டிலும் பையன் உள்ளேயுமாக மாதங்கள் ஓடின. நண்பர் தமிழில் அவனிடம் பேசி விவரம் அறிந்து, இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரிடம் எடுத்துச் சொல்லி, ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்த மனுப் போட வைத்தார். வெளியே வந்த அன்று அவன் காலில் செருப்பில்லை. "அண்ணாச்சி, ஊருக்கு எந்தப் பக்கம் ரயிலு?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வியாம்.

இது தனி ஒருவனின் கதையல்ல. 1978இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும், அவரும் அந்த மாவட்டத்துக்காரராகவே இருக்க வேண்டும் என்று கீழே உத்தரவு. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஆயிரம் ரூபாயாகக் குறைத்தார். ஒரு தமிழரோ மலையாளியோ சாந்தினி சௌக்கில் கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பிலேயே கேட்டார். நம்மை மனத்தில் வைத்து எழுதியது போலவே இருக்கிறது.

சட்டம் அதன் பிறகு நகர்ந்திருக்கிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாட்களுக்குள் வெளிவராதவரைப் பற்றிச் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கட்ட முடியாவிட்டால் நிபந்தனையை மாற்றலாமா என்று நீதிமன்றம் பார்க்கலாம். அதே ஆண்டு மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் கொண்டுவந்தது. அப்போது வகுத்த விதிப்படி விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையிலும் உதவி. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அக்குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனுக்கு உரியவர். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது.

ஆனால் சட்டம் தானாக நடந்து கைதியிடம் போகாது. விண்ணப்பம் எழுத ஒருவர், ஊருக்குப் போன் போட ஒருவர், மொழி பெயர்க்க ஒருவர் வேண்டும். அந்த 'ஒருவர்' வேலையைத்தான் சிறைப்பணித் தொண்டர்கள் செய்கிறார்கள்.

பணம் வரும் வழி

சிறைப்பணிக்குப் பணம் கேட்பது கஷ்டம். அநாதைக் குழந்தைகளுக்கு என்றால் கொடுப்பார்கள். அன்னதானம் என்றால் கொடுப்பார்கள். கைதிக்கு என்றால் முகம் சுருங்கும். கல்வெட்டில் பெயர் பொறிக்கக் கட்டடமும் கிடையாது; படம் எடுத்துப் போடவும் முடியாது. அதனால் பல குழுக்கள் ஒரு காலத்தில் வெளிநாட்டு உதவியை நம்பியிருந்தன.

வெளிநாட்டு நன்கொடையை முறைப்படுத்தும் சட்டம் முதலில் 1976இல் வந்தது. 2010இல் புதிதாக இயற்றப்பட்டது. 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்துக்குப் பின் வெளிநாட்டு நன்கொடை எதுவானாலும், நாட்டின் எந்த மூலையில் உள்ள அமைப்பானாலும், முதலில் புது தில்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் வந்து விழ வேண்டும். கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இடம்! நிர்வாகச் செலவுக்கு முன்பு பாதி வரை எடுக்கலாம் என்றிருந்தது, ஐந்தில் ஒரு பங்காயிற்று. பெற்ற பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதும் தடைசெய்யப்பட்டது.

நண்பரின் குழுவை இந்தக் கடைசி விதிதான் தொட்டது. ஒரு பெரிய அமைப்பு தனக்கு வந்ததில் ஒரு சிறு பங்கை வருடாவருடம் தந்துகொண்டிருந்தது. பழைய நோட்டுகளில் அந்த வரவு தவறாமல் இருக்கிறது. 2020க்குப் பின் இல்லை. விடுதலையாகி வருகிறவர்கள் இரண்டு மூன்று நாள் தங்க வாடகைக்கு எடுத்திருந்த அறையை விட்டுவிட்டார்கள். சட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை; வெளிப்பணத்துக்குக் கணக்குக் கேட்க அரசாங்கத்துக்கு உரிமை உண்டு. ஒரே குழாயில் வரும் தண்ணீரை நம்பித் தோட்டம் போடக் கூடாது என்பதுதான் நான் கற்றது.

பிறகு அவர்கள் செய்தது எளிமையான காரியம். தெரிந்த வீடுகளுக்குப் போய் மாதம் இருநூறு ரூபாய் கேட்டார்கள். அதற்கு மேல் கேட்கவில்லை. நூறு வீடுகள் சேர்ந்தால் மாதம் 20,000; வருடத்துக்கு 2,40,000. நூறு வீடுகள் இன்னும் சேரவில்லை. ஆனால் சேர்ந்த வீடுகள் நிற்கின்றன. கொடுப்பவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இருக்கிறார்கள். அறை மீண்டும் கிடைத்திருக்கிறது. முன்னைவிடச் சிறியது, ஆனாலும் கதவும் விளக்கும் உள்ள அறை. 1883லேயே ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இரட்சணிய சேனையார் விடுதலையாகி வருவோருக்கென ஓர் இல்லம் திறந்தார்கள். சிறையிலிருந்து வெளியே வரும் முதல் இரவுதான் ஆபத்தானது என்று அன்றே கண்டிருக்கிறார்கள். பழைய சகவாசம் வாசலில் காத்திருக்கும். நல்ல சகவாசமும் காத்திருக்க வேண்டாமா?

நாம் என்ன செய்யலாம்?

ரயில்வேயில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. புதுப் பாதை திறக்க மந்திரி வருவார், மாலை விழும், பத்திரிகையில் படம் வரும். ஆனால் அந்தப் பாதையில் ரயில் பத்திரமாக ஓடுவது கீமேனால். அவர் வெயிலானாலும் பனியானாலும் தினமும் தன் எல்லை முழுவதும் தண்டவாளத்தின் மேலேயே நடப்பார். கழன்ற பிடிப்பைத் தட்டி இறுக்குவார். மறுநாளும் அதே வேலை. அவருக்கு மாலை கிடையாது. அவர் ஒரு மாதம் வராவிட்டால்தான் அவர் இருந்தது தெரியும். தர்ம காரியங்களில் பலவும் திறப்பு விழாவோடு நின்று போவதற்குக் காரணம், கீமேன் இல்லாததுதான்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் சில:

ஒரே தடவை பெரிய தொகை கொடுப்பதைவிட, மாதம் ஒரு சிறு தொகையை நிறுத்தாமல் கொடுங்கள். எந்த மதத்தார் நடத்தும் குழுவானாலும் சரி, ரசீது கேளுங்கள். வருடக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

பணம் தர முடியாதவர்கள் நேரம் தரலாம். தமிழ் மட்டும் தெரிந்த கைதிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பதும், வழக்கறிஞர் சொல்வதைத் தமிழில் விளக்குவதும் நம்மால்தான் முடியும். படித்து முடித்த தமிழ் வார இதழ்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். அனுமதி பெற்ற குழுக்கள் மூலம் உள்ளே அனுப்பலாம்.

சட்டம் தெரிந்திருங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும் அரசுச் செலவில் வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். ஊரிலிருந்து யாராவது, "எங்க பிள்ளையை தில்லியில பிடிச்சு வச்சிருக்காங்களாம்" என்று போன் செய்தால், "நமக்கெதற்கு வம்பு" என்று வைத்துவிடாமல் இதையாவது சொல்லுங்கள்.

குழந்தைகளை மறவாதீர்கள். சிறையில் தாயுடன் ஆறு வயது வரைதான் குழந்தை இருக்கலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. ஆறு வயது முடிந்த அன்று அந்தக் குழந்தை எங்கே போகும்? ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவை இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஏற்றால் போதும்.

விழுப்புரத்துப் பையன் ஊர் போய்ச் சேர்ந்ததும் நண்பருக்குப் போன் செய்தானாம். வழக்குத் தேதிகளுக்குத் தவறாமல் வந்து போகிறான்; வரும்போதெல்லாம் அந்தச் சிறிய அறையில்தான் தங்குகிறான். போன முறை புறப்படும்போது ஐம்பது ரூபாயை நண்பர் கையில் வைத்து, "அடுத்து வர்றவனுக்குச் செருப்பு வாங்க வச்சுக்கிடுங்க" என்றானாம். அதை வரவில் எழுதி, ரசீதும் போட்டுவிட்டேன்.